ஆதரவு நின்றுபோன கணிப்பொறிகளும் அவற்றிற்கேற்ற நிரல்களும்

தையல் யந்திரம் பழையதாகிவிட்டால் அதன் ஊசியையோ வாரையோ மாற்றி மேலும் இருபது ஆண்டுகள் உழைக்கச் செய்யலாம். நீர் இறைக்கும் பம்பும் அத்தகையதே. கணிப்பொறியின் முதுமையோ வேறு விதமானது. அதன் உறுப்புக்கள் யாவும் குறைவின்றி இயங்கிக்கொண்டிருக்கும்போதே அது உதவாதது என்று ஒதுக்கப்படுகின்றது. முந்திய ஆண்டு வரை திறந்த வலைப்பக்கம் இவ்வாண்டு திறப்பதில்லை. வேறோர் அலுவலகத்திலிருந்து வந்த கோப்பை அது படிக்க மறுக்கின்றது. புதிதாக வாங்கிய அச்சுப் பொறியை அது அடையாளம் கண்டுகொள்வதில்லை. யந்திரம் தேயவில்லை. அதனைச் சூழ்ந்துள்ள உலகம் மாறிவிட்டது என்பதே உண்மை.

பம்பாயின் கிழக்கே, கழிமுகத்திற்கு அப்பால் எழுந்துள்ள நவிமும்பையில் நெருள் என்னும் பகுதி உள்ளது. 1970-இல் நிறுவப்பட்ட ஸிட்கோ என்னும் நகர அமைப்புக் கழகத்தின் திட்டப்படி உருவான பகுதிகளுள் அதுவும் ஒன்று. மாதுங்கா, செம்பூர், தாராவி ஆகிய இடங்களில் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல, இடநெருக்கடி காரணமாக இங்கு வந்து குடியேறின. 1932-இல் மாதுங்காவில் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் நெருளிலும் கல்லூரிகளை நடத்தி வருகின்றது. இத்தகைய ஊர்களில் பள்ளிகள், கூட்டுறவு வீட்டுச் சங்கங்களின் அலுவலகங்கள், மருந்தகங்கள், சிறு பரிசோதனைக் கூடங்கள் ஆகியவற்றில் பத்து, பதினைந்து ஆண்டுகள் கண்ட கணிப்பொறிகள் இன்றும் மேசையில் அமர்ந்திருப்பது அரிய காட்சியன்று. வீட்டுச் சங்கத்தின் பராமரிப்புக் கணக்கு அதிலே இருக்கும்; பள்ளியின் மாற்றுச் சான்றிதழ்ப் படிவங்கள் அதிலே இருக்கும். புதிய யந்திரம் வாங்கப் பொதுக்குழு ஒப்புதல் அளிக்கும் வரையில், பழையதற்கே ஏதேனும் நிரல் தேடிப் போட்டாக வேண்டிய நிலை பொறுப்பாளருக்கு ஏற்படுகின்றது.

இத்துன்பம் புதியதன்று. நம் நாட்டில் முதன்முதலாக வடிவமைத்துக் கட்டப்பட்ட பெரிய மின்னணுக் கணிப்பொறி, பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ஆர். நரசிம்மன் அவர்களின் தலைமையில் உருவான டிஃப்ராக் ஆகும். 2,700 வால்வுகளும், 40 பிட் அளவுள்ள 2,048 சொற்களைத் தாங்கும் காந்த நினைவகமும் கொண்ட அந்த யந்திரம் 1960-இல் செயற்படத் தொடங்கியது. 1964-இல் அதே நிலையத்திற்கு அமெரிக்காவிலிருந்து ஸி.டி.ஸி. 3600 வந்து சேர்ந்தது. டிரான்ஸிஸ்டர்களால் ஆன அதன் சொல்லளவு 48 பிட். அதன் ஆணைகளும் வேறு. டிஃப்ராக்குக்கென யந்திர ஆணைகளால் எழுதப்பட்டவற்றை அதில் அப்படியே செலுத்த இயலாது. 1965-இல் டிஃப்ராக் ஓய்வு பெற்றது. ஐந்தே ஆண்டுகள்! இன்று பதினைந்து ஆண்டு பழைய யந்திரத்தை இழுத்துக்கொண்டிருப்பவர் அதனை நினைத்தேனும் சிறிது ஆறுதல் அடையலாம்.

இக்காலத்துக் கணிப்பொறிகளில் நிரலுக்கும் யந்திரத்துக்கும் இடையே நின்று பணியாற்றுவது இயங்குதளம். ஆபரேட்டிங் சிஸ்டம் என்று பலரும் வழங்குவது இதுவே. விண்டோஸ் எக்ஸ்பி என்னும் இயங்குதளம் 2001 அக்டோபர் 25 அன்று வெளிவந்தது. 2014 ஏப்ரல் 8 அன்று அதற்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இலும் அதே நாள் வந்தது. ஆதரவு நிற்பதென்றால் யந்திரம் அன்று இரவே நின்றுவிடும் என்பது பொருளன்று. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் இனி வாரா; பிற நிறுவனங்களும் தங்கள் நிரல்களை அவ்வியங்குதளத்தில் சோதித்துப் பார்ப்பதை ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடும். முன்னது ஆபத்து, பின்னது தொல்லை. பெரும்பாலோர் தொல்லையை உணர்கின்றனர், ஆபத்தை உணர்வதில்லை.

புதிய நிரல் பழைய தளத்தில் ஏன் ஓடுவதில்லை என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். காரணம் தெரிந்தால்தான், எதைத் தேடுவது வீண், எதைத் தேடுவது பயன்தரும் என்று பிரித்தறிய முடியும்.

எந்த நிரலும் எல்லா வேலைகளையும் தானே செய்துகொள்வதில்லை. கோப்பைத் திறப்பது, திரையில் எழுத்தை வரைவது, நேரத்தைக் கேட்டறிவது போன்ற பொது வேலைகளுக்கு அது இயங்குதளத்தின் பணிகளைப் பெயர் சொல்லி அழைக்கின்றது. விண்டோஸில் இப்பணிகள் டி.எல்.எல். எனப்படும் பொதுக் கோப்புக்களில் அடங்கியுள்ளன. அவற்றுள் தலையாயது கெர்னல்32. விஸ்டா வந்தபோதும், விண்டோஸ் 7 வந்தபோதும் இக்கோப்பில் புதிய பணிகள் பல சேர்க்கப்பட்டன. புதிய நிரல் அப்பெயர்களுள் ஒன்றை அழைத்தால், எக்ஸ்பியில் அப்படி ஒரு பணியே இல்லாமையால், 'கெர்னல்32-இல் இன்ன நுழைவிடத்தைக் காண முடியவில்லை' என்னும் பொருள்பட ஓர் ஆங்கிலச் செய்தி திரையில் தோன்றும். இச்செய்தியைக் கண்டதும் அந்த டி.எல்.எல். கோப்பு தனியே எங்கேனும் கிடைக்குமா என்று தேடி, கிடைத்ததைக் கொண்டுவந்து போடுவோர் உண்டு. அது செய்யத் தகாத செயல். அவ்வாறு கொண்டுவரும் கோப்பு தன் தளத்தின் மற்றக் கோப்புக்களோடு பிணைந்தது. வேறு பதிப்பிலிருந்து எடுத்துப் பொருத்தினால் உள்ளதும் கெடும். அதனுடன் தீய நிரல் ஒட்டிக்கொண்டு வரும் வாய்ப்பும் மிகுதி.

மற்றொரு செய்தி, 'இது ஏற்கத்தக்க வின்32 நிரல் அன்று' என்பது. இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். நிரல் 64 பிட்டுக்கு உரியதாக இருந்து, தளம் 32 பிட்டாக இருப்பது ஒன்று. இரண்டாவது காரணம் வேடிக்கையானது. ஒவ்வொரு விண்டோஸ் நிரலின் தலைப்பிலும், அது ஓடுவதற்கு வேண்டிய மிகக் குறைந்த தளப்பதிப்பு எண் எழுதப்பட்டிருக்கும். எக்ஸ்பியின் எண் 5.1, விஸ்டாவின் எண் 6.0. 2012-ஆம் ஆண்டைய விஷுவல் ஸ்டூடியோ என்னும் நிரலாக்கக் கருவி, எழுதுபவர் வேறாகக் கூறாவிடில் 6.0 என்றே முத்திரை குத்தியது. நிரலில் எக்ஸ்பியால் இயலாத வேலை எதுவும் இல்லாவிடினும், முத்திரையைக் கண்டே எக்ஸ்பி அதனை வாயிலில் நிறுத்திவிடும். ஆகவே பழைய தளங்கள் கைவிடப்படுவது எப்போதும் ஒருவருடைய சூழ்ச்சி என்று எண்ணுதல் சரியாகாது. பல வேளைகளில் அது எவரும் கவனியாமையின் விளைவே.

மூன்றாவது தடை பிராஸஸரில் உள்ளது. எஸ்எஸ்இ2 என்னும் ஆணைத் தொகுதி 2000-இல் வந்த பென்டியம் 4-இல் சேர்க்கப்பட்டது. பென்டியம் 3-இல் அது கிடையாது. 2014-க்குப் பின் வந்த குரோமும், 2016-இல் வந்த பயர்பாக்ஸ் 49-உம் அதனை வேண்டுகின்றன. இங்கே இயங்குதளத்தை மாற்றினாலும் பயனில்லை. ஆகையால் நிரல் தேடப் புறப்படுமுன், தளத்தின் பெயர், அதன் ஸர்வீஸ் பேக் எண், 32 பிட்டா 64 பிட்டா என்பது, பிராஸஸரின் பெயர், நினைவக அளவு ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி யந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டிவைப்பது நன்று. தேடுவோர் பலர் இவற்றுள் ஒன்றையும் அறியாமலே தேடத் தொடங்கி நாட்களைக் கழிக்கின்றனர்.

வலைப்பக்கங்கள் திறவாமைக்குக் காரணம் வேறு. வங்கி, கல்வித்துறை, ரயில்வே முதலியவற்றின் தளங்கள் யாவும் இன்று மறைகுறியாக்கிய வழியிலேயே செய்தி அனுப்புகின்றன. இவ்வழிக்கு டி.எல்.எஸ். என்று பெயர். எக்ஸ்பியோடு வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அதன் முதற்பதிப்பாகிய 1.0-ஐ மட்டுமே அறியும். 1.0, 1.1 ஆகிய இரண்டும் உபயோகத்திற்குரியவை அல்ல என்று இணையத் தர அமைப்பு 2021 மார்ச்சில் அறிவித்துவிட்டது. பயர்பாக்ஸ் போன்ற உலாவிகள் மறைகுறியாக்கத்திற்கு இயங்குதளத்தை நம்பாமல் தமக்குரிய நிரல் நூலகத்தைத் தாமே சுமந்து வருகின்றன. எனவேதான் ஒரே எக்ஸ்பி யந்திரத்தில் எக்ஸ்ப்ளோரர் திறக்க மறுக்கும் பக்கத்தைப் பயர்பாக்ஸின் கடைசிப் பதிப்பு திறந்து காட்டுவதுண்டு.

இதனிடையே மிகச் சிறியதொரு காரணத்தையும் குறிப்பிட வேண்டும். மதர்போர்டில் சி.ஆர். 2032 என்னும் நாணய வடிவ மின்கலம் ஒன்று உண்டு. அது தீர்ந்துவிட்டால் யந்திரத்தை அணைக்கும்தோறும் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். வலைத்தளங்கள் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று குறிக்கப்பெற்றதாகலின், 2002-ஆம் ஆண்டில் இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கும் யந்திரம் அதனை ஏற்காது. எல்லாத் தளங்களும் ஒருசேரத் திறவாமற்போனால் முதலில் மூலையிலுள்ள கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். சில ரூபாய்ச் செலவில் தீரும் இக்குறையை அறியாமல் யந்திரத்தையே பழைய சாமான் கடைக்கு அனுப்புதல் வீண் இழப்பாகும்.

இனி, கிடைப்பவை எவை என்று பார்ப்போம். பழைய தளத்திற்கு நிரல் தேடுவோர் மேற்கொள்ளத்தக்க முதல் வழி, 'அத்தளத்தில் ஓடிய கடைசிப் பதிப்பு எது?' என்று கேட்பதாகும். எக்ஸ்பிக்குப் பயர்பாக்ஸ் 52-இன் நீடித்த ஆதரவுப் பதிப்பே இறுதி; 2018-இல் அதற்கும் திருத்தங்கள் நின்றன. குரோம் 49-உடன் நின்றுவிட்டது. லிப்ரே ஆபீஸ் 5.4 வரை ஓடும். அதில் இன்றைய டாக்ஸ், எக்ஸெல் கோப்புக்களைப் பெரும்பாலும் திறந்து படிக்கலாம். படம் வரைவோர்க்கு இங்க்ஸ்கேப் 0.92 உண்டு. நிரலெழுதப் பயிற்றும் ஆசிரியர்க்குப் பைதான் 3.4 எக்ஸ்பியிலும், 3.8 விண்டோஸ் 7-இலும் கிடைக்கின்றன; இரண்டும் பழையனவே எனினும், பள்ளிப் பாடத்திலுள்ள வளையங்கள், பட்டியல்கள், சார்புகள் ஆகியவற்றை நடத்த அவை போதும். சிறுவர்க்கான ஸ்க்ராட்ச் இக்காலத்தில் மூன்றாம் பதிப்பில் உள்ளது. எக்ஸ்பிக்கு அதன் 1.4 பொருந்தும். பழைய தளங்களை இன்னும் கைவிடாத நிரல்களும் சில உள்ளன. ஒலி ஒளி இயக்கும் வி.எல்.ஸி.யின் 3.0 வரிசையும், கோப்புக்களைச் சுருக்கும் 7-ஸிப்பும் எக்ஸ்பியில் இன்றும் வேலை செய்கின்றன. விண்டோஸ் 7 உடையோர்க்குக் குரோம் 109-உம், பயர்பாக்ஸ் 115-இன் நீடித்த ஆதரவுப் பதிப்பும் இறுதி என்று கொள்ளலாம். லிப்ரே ஆபீஸ் 25.8 முதல் விண்டோஸ் 7-ஐ விட்டுவிட்டது. கணக்கு நிரல்களில், டேலி பிரைம் 64 பிட் தளத்தையே வேண்டுவது. 32 பிட் யந்திரத்தில் உள்ள சங்கங்கள் தம்மிடமுள்ள பழைய பதிப்போடு நின்றுவிட வேண்டியதுதான்.

இப்பதிப்புக்களை எங்கிருந்து பெறுவது என்பது பெயரை அறிவதினும் முக்கியமானது. பயர்பாக்ஸை வெளியிடும் மொஸில்லாவும், லிப்ரே ஆபீஸை வெளியிடுவோரும் தங்கள் பழைய பதிப்புக்கள் யாவற்றையும் தங்கள் சொந்த ஆவணக் கிடங்கிலேயே வைத்துள்ளனர். அங்கிருந்தே எடுக்க வேண்டும். 'எல்லாப் பழைய நிரல்களும் இலவசம்' என்று விளம்பரம் செய்யும் இடங்களில் கிடைப்பவற்றோடு கேளாத விருந்தாளிகள் பலர் சேர்ந்து வருவர். அதிகாரபூர்வக் கிடங்குகளில் ஒவ்வொரு கோப்புக்கும் நேராக எஸ்.எச்.ஏ. 256 என்னும் நீண்ட எண் அச்சிடப்பட்டிருக்கும். விண்டோஸ் 7-லும் அதற்குப் பிந்தியவற்றிலும் உள்ள ஸர்ட்யுடில் என்னும் ஆணையால், இறக்கிய கோப்பின் எண்ணைக் கணித்து இரண்டும் ஒத்துள்ளனவா என்று பார்க்கலாம். ஓர் எழுத்து மாறினாலும் அக்கோப்பை நீக்கிவிட வேண்டும். பழைய யந்திரத்தில் இதைச் செய்ய வழியில்லையேல், புதிய யந்திரம் ஒன்றில் சரிபார்த்துப் பிறகு கொண்டுவருவது முறை.

நிறுவனங்கள் கைவிட்ட தளங்களைத் தன்னார்வம் காரணமாகத் தாங்கி நிற்போர் உலகெங்கும் உள்ளனர். இவர்களுடைய உழைப்பு வியக்கத்தக்கது. விண்டோஸ் 98-க்குக் கெர்னல்எக்ஸ் என்ற இடைநிரலை எழுதி, அத்தளம் அறியாத பணிகளை அதற்குக் கற்பித்தனர். எக்ஸ்பிக்கென மைபால் என்ற உலாவி பயர்பாக்ஸின் பிந்தைய மூலத்திலிருந்து திருத்தி அமைக்கப்பட்டுள்ளது. குரோமுக்கு அடிப்படையான குரோமியத்தை எக்ஸ்பியிலும் ஓடும்படி மாற்றிய சூப்பர்மியம் இன்னொன்று. விண்டோஸ் 7-க்கு விஎக்ஸ்கெக்ஸ் என்ற நிரல் கெர்னல்எக்ஸின் பணியையே செய்கின்றது. புதிய நிரல் அழைக்கும் பணி தளத்தில் இல்லையெனில், அதே பயனைத் தரும் பழைய பணிகளை இணைத்து ஒரு மாற்று அமைத்துக் கொடுப்பதே இவை யாவற்றின் உபாயம். எனினும் இவற்றைப் பேணுவோர் ஒருவரோ இருவரோதாம் என்பதை மறத்தலாகாது. அவர் களைத்துப்போனாலோ வேறு வேலையில் ஈடுபட்டாலோ திருத்தங்கள் நின்றுவிடும். பாடநூல் பார்க்கவும் செய்தி படிக்கவும் இவ்வுலாவிகளைக் கையாளலாம். வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லையோ மாணவர்களின் ஆதார் எண்களையோ இவற்றில் இடுதல் விவேகமன்று. உலாவி புதியதாயினும் அதன் கீழுள்ள தளம் ஓட்டை அடைபடாத பழைய தளமே அல்லவா?

தமிழில் எழுதுவோர்க்குத் தனியானதொரு சங்கடம் உண்டு. விண்டோஸ் 98-இல் யூனிகோடு முறையில் தமிழைக் காட்டும் திறமை இல்லை. ஆங்கில எழுத்துக்கள் இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்திய எழுத்துருக்களே அக்காலத்தில் வழங்கின. ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு வரிசை. இக்குழப்பத்தைத் தீர்க்க 1999-இல் தமிழ்நாட்டு அரசு டாப், டாம் என்ற இரு குறியீட்டு முறைகளையும், தமிழ்99 என்ற விசைப்பலகையையும் ஏற்றது. கடல் கடந்த தமிழரிடையே டிஸ்கி என்ற முறை பரவியிருந்தது. பிறகு 2010 ஜூனில் யூனிகோடும் டேஸ் 16-உம் அரசின் தரமாக அறிவிக்கப்பட்டன. விண்டோஸில் லதா என்னும் தமிழ் எழுத்துரு 2000-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து இடம்பெற்றது. ஆயினும் எக்ஸ்பியின் ஆங்கிலப் பதிப்பில், கன்ட்ரோல் பேனலிலுள்ள மொழிப் பகுதிக்குச் சென்று, சிக்கலான எழுத்து மொழிகளுக்கான கோப்புக்களை நிறுவும்படி ஒரு கட்டத்தில் குறியிட்டாலன்றித் தமிழ் செம்மையாகத் தெரியாது. கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அல்லது வெறும் கட்டங்கள் தோன்றும். 'இந்த யந்திரத்தில் தமிழ் வராது' என்று கைவிடப்பட்ட எக்ஸ்பி கணிப்பொறிகள் பலவற்றில் குறை அவ்வளவே. அந்நிறுவலுக்கு எக்ஸ்பியின் மூலக் குறுந்தகடு தேவைப்படும். தட்டச்சுக்கு என்.எச்.எம். ரைட்டர் எக்ஸ்பியிலும் ஓடுகின்றது. பழைய குறியீட்டிலுள்ள கோப்புக்களை யூனிகோடுக்கு மாற்ற அதே வெளியீட்டாரின் கன்வர்ட்டர் உதவும்.

இதில் தாமதம் கேட்டை விளைக்கும். பழைய எழுத்துருவில் அடித்த பள்ளி ஆண்டு மலர், சங்கக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பு, வட்டாரச் சொற்களின் தொகுப்பு ஆகியவை அந்த எழுத்துரு உள்ள யந்திரம் உயிரோடு இருக்கும் வரையில்தான் தமிழாகத் தெரியும். எழுத்துருவை இழந்தால் அவை பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகிவிடும். கோப்பு எந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டது என்பதையும் கூடவே குறித்து வைத்தால், பின்னர் மாற்ற வருபவர்க்குப் பெரும் உழைப்பு மிச்சமாகும். இயங்குதளம் தன் அடித்தளத்திலேயே இந்திய எழுத்துக்களை அறிந்திருக்க வேண்டும் என்று கருதி, லினக்ஸின் திரைக்காட்சி அமைப்பில் அத்திறமையைச் சேர்க்கும் இன்டிக்ஸ் என்ற திட்டத்தைப் பம்பாய் ஜூஹுவிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் மேற்கொண்டது. அம்மையம் 2003-இல் ஸி-டாக் நிறுவனத்தோடு இணைந்தது. நெருளை அடுத்த பேலாப்பூர்ப் பகுதியிலும் அதன் வளாகம் உள்ளது.

பாதுகாப்பைப் பற்றிய எச்சரிக்கை வெற்றுரையன்று. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாகிரை என்ற தீய நிரல், கோப்புக்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அவ்வாண்டு மார்ச் மாதமே வந்துவிட்டது. ஆதரவு நின்றுபோன எக்ஸ்பிக்கு அத்திருத்தம் தாக்குதலுக்குப் பின்னரே, விதிவிலக்காக, பொதுவில் வெளியிடப்பட்டது. அடுத்த மாதம் 27-ஆம் தேதி வேறொரு தீய நிரல், நெருளிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தின் சரக்குமுனையம் ஒன்றை முடக்கியது. இரண்டாவது நிரல் கடவுச்சொற்களைத் திருடியும் பரவியதால், திருத்தம் பெற்ற யந்திரங்களும் அதற்குத் தப்பவில்லை என்பதையும் சேர்த்தே கூற வேண்டும். பழைய யந்திரம் ஒன்று வலைப்பின்னலில் இருப்பது அதற்கு மட்டுமன்றி, அருகிலுள்ளவற்றிற்கும் தீங்கு.

பணம் வழங்கும் ஏ.டி.எம். யந்திரங்களுக்குள்ளும் இருப்பது ஒரு கணிப்பொறியே. எக்ஸ்பியின் ஆதரவு நின்று நான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் அவற்றுள் பல அதிலேயே ஓடிக்கொண்டிருந்தமையால், ரிசர்வ் வங்கி 2018 ஜூன் 21 அன்று பம்பாயிலிருந்து ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. தளத்தை மாற்றும் வேலையை அவ்வாண்டு செப்டம்பரில் கால் பங்கு, டிசம்பரில் பாதி, 2019 மார்ச்சில் முக்கால் பங்கு என்று நடத்தி, ஜூனில் முடிக்க வேண்டும் என்று அது கெடு விதித்தது. களப்பணியாளர் ஊன்றிக் கவனிக்கத்தக்கவை, செய்ய வேண்டும் என்று அதில் கூறப்பட்டவை: பயாஸுக்குக் கடவுச்சொல் இடுதல், யு.எஸ்.பி. வாயில்களை முடக்குதல், செருகியவுடன் தானே ஓடும் வசதியை நிறுத்துதல், அனுமதிப் பட்டியலில் உள்ள நிரல்கள் அன்றி வேறெதுவும் ஓடாதபடி செய்தல். ஒரே வேலைக்கென வைத்துள்ள பழைய கணிப்பொறிக்கும் இவ்விதிகளுள் பெரும்பாலானவை அப்படியே பொருந்தும்.

தளத்தையே மாற்றிவிடுவது மற்றொரு வழி. எக்ஸ்பியின் ஆதரவு நின்ற 2014-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு, மேம்படுத்த இயலாத யந்திரங்களில் பாஸ் லினக்ஸை நிறுவிக்கொள்ளும்படி தன் துறைகளுக்கு யோசனை கூறியது. ஸி-டாக் 2007-இல் முதன்முதல் வெளியிட்ட இத்தளம், டெபியன் என்னும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. இந்திய மொழிகளை நிறுவியவுடன் காட்டவல்லது. ஆனால் லினக்ஸ் எல்லாப் பழைய யந்திரங்களுக்கும் மருந்து என்று கூறுவோர் ஒன்றை மறைக்கின்றனர். அங்கும் 32 பிட்டின் காலம் முடிந்து வருகின்றது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-இல் 32 பிட் பி.ஸி.களுக்கான நிறுவி இல்லை. அவ்வாண்டு இறுதியில் பயர்பாக்ஸும் 32 பிட் லினக்ஸுக்கான வழக்கமான பதிப்பை நிறுத்தியது. டெபியன் 12-ஐ அடியொற்றிய ஆன்ட்டிஎக்ஸ் போன்ற சிறிய வெளியீடுகள் அத்தகைய யந்திரங்களில் இன்னும் நிறுவத்தக்கவை. 64 பிட் பிராஸஸரும் 4 ஜி.பி. நினைவகமும் உள்ள யந்திரமாயின் கவலையில்லை. இன்றைய லினக்ஸ் அதில் நன்றாகவே ஓடும். விண்டோஸ் 11-க்கு வேண்டிய டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லும் புதிய பிராஸஸரும் இல்லாமையால் விண்டோஸ் 10-உடன் நின்றுவிட்ட பள்ளிக் கணிப்பொறிகளுள் பெரும்பாலானவை இவ்வகுப்பைச் சேர்ந்தவை. அவற்றைப் பழைய சாமானாக விற்றுத் தாராவியில் பிளாஸ்டிக் அரைக்கும் கூடங்களுக்கு அனுப்புமுன் ஒரு யந்திரத்திலேனும் பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பார்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. வட்டிலுள்ளது எதுவும் அழிவதுமில்லை.

கருவிகளோடு பிணைந்த கணிப்பொறியின் நிலை மட்டும் வேறு. மண் பரிசோதனைக் கூடத்தின் நிறமாலைமானி, கல்லூரியின் நுண்ணோக்கி, வானிலைப் பதிவுக் கருவி ஆகியவற்றுடன் வந்த டிரைவர் எக்ஸ்பிக்கு மட்டுமே எழுதப்பட்டிருந்தால், அங்குத் தளத்தை மாற்றுதல் கூடாது. பல இலட்சம் ரூபாய்க் கருவி ஊமையாகிவிடும். அத்தகைய யந்திரத்தின் வலைக்கம்பியைக் கழற்றிவிட்டு அதனைக் கருவியின் ஓர் உறுப்பாகவே கருதுவது நல்லது. அதன் வட்டு முழுவதையும் க்ளோன்ஸில்லா போன்ற நிரலால் அப்படியே படியெடுத்து, இரண்டு இடங்களில் வைத்தல் வேண்டும். பழைய ஐ.டி.இ. வட்டு பழுதானால் மாற்றுவட்டும் பொருத்தும் அடாப்டரும் பம்பாயில் லாமிங்டன் சாலைக் கடைகளில் தேடத்தக்கவை. படி இருந்தால் சில மணி நேரத்தில் கருவி மீண்டும் பேசும். கருவி ஸீரியல் வாயில் வழியே இணைவதாயின், புதிய கணிப்பொறியில் வர்ச்சுவல்பாக்ஸ் என்னும் நிரலுக்குள் எக்ஸ்பியை நிறுவி அதனை இயக்கிப் பார்க்கலாம். உள்ளே செருகிய அட்டை வழியே இணையும் கருவிக்கு இவ்வுபாயம் பெரும்பாலும் பலிப்பதில்லை.

அளவீடுகளை அந்த யந்திரத்திலிருந்து வெளியே கொண்டுவரத் தனியே ஒரு பென் டிரைவை ஒதுக்கி, அதனை வேறெங்கும் செருகாமலும், புதிய யந்திரத்தில் செருகும்போது வைரஸ் சோதனை செய்தும் கையாள வேண்டும். 32 ஜி.பி.க்கு மேற்பட்ட பென் டிரைவுகள் பெரும்பாலும் எக்ஸ்ஃபாட் முறையில் அமைக்கப்பட்டு வருவதால், தனித் திருத்தம் நிறுவாத எக்ஸ்பி அவற்றைப் படிக்காது. 32 ஜி.பி. அல்லது அதற்குக் குறைந்ததை வாங்கி, ஃபாட்32 முறையில் அமைத்துக்கொண்டால் இரண்டு யந்திரங்களும் அதனைப் படிக்கும்; ஒரே கோப்பு 4 ஜி.பி.க்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது மட்டுமே அதிலுள்ள கட்டுப்பாடு.